துணி காயும் டாங்கி

தீவுக்குப் போகும் கடைசி விமானத்தில் ஏறுவதற்கு முன் என்னைத் தராசில் நிற்க வைத்தார்கள். முதலில் நான் மட்டும், பிறகு பையோடு. எட்டுப் பேர் உட்காரும் விமானம் அது. யார் எங்கே உட்காருவது என்பதை எடைதான் முடிவு செய்கிறது. என்னைப் போல் இரண்டு மடங்கு இருந்த பாதிரியாரை முன்னால் உட்கார வைத்தார்கள். என்னையும் ஒரு பெட்டி உறைந்த கோழிக்காலையும் பின்னால் போட்டார்கள். சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன்கூடையை நிறுத்துவிட்டுக் கூவுவார்களே, அப்படித்தான் அந்த ஊழியர் என் எடையைக் கூவினார். வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. அவரவர் எண்ணுக்காகக் காத்திருந்தார்கள்.

தீவின் பெயரை எழுதப் போவதில்லை. பசிபிக்கில் ஒரு புள்ளி, அவ்வளவு போதும். அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

சுங்கத்தில் என் பையைக் கொட்டினார்கள். தடிமன் அளக்கும் அல்ட்ராசோனிக் கருவி ஒன்று, சுரண்டும் தகடு இரண்டு, முப்பது மீட்டர் டேப், மார்க்கர் நான்கு, ஊறுகாய் ஒரு பாட்டில், ஜெல் மூன்று குப்பி. ஊறுகாயை விட்டுவிட்டு ஜெல்லைப் பிடித்துக்கொண்டார் அதிகாரி. "இவ்வளவு முடியா உனக்கு?" என்று என் பின்னலைப் பார்த்தார். கருவிக்கும் இரும்புக்கும் நடுவில் தடவுகிற ஜெல், தலைக்கு இல்லை என்றேன். கொஞ்சம் எடுத்துத் தன் தலையில் தடவிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்று முத்திரை குத்தினார்.

நான் துரு அளக்கிற வேலையில் இருக்கிறேன். அடையாறில், ஒரு பல் மருத்துவரின் மாடியில் எங்கள் அலுவலகம். துறைமுகக் கிரேன், எண்ணெய்க் குழாய், பாலத்தின் தூண் என எதுவானாலும், உப்புக்காற்று எவ்வளவு தின்றிருக்கிறது, இன்னும் எவ்வளவு நாள் தாங்கும் என்று எழுதிக் கொடுப்போம். இந்த முறை அளக்க வேண்டியவை மூன்று டாங்கிகள். போர்க்காலத்தில் ஜப்பான் ராணுவம் கொண்டுவந்து இறக்கி, தோற்றதும் அப்படியே விட்டுப் போனவை. எண்பது ஆண்டுகளாக அங்கேயே நிற்கின்றன. அவற்றைக் காப்பாற்ற எங்கோ ஒரு நாட்டில் ஒரு அறக்கட்டளை ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு டாங்கிக்குத்தான் பணம் இருக்கிறது. எதில் இரும்பு அதிகம் மிஞ்சியிருக்கிறதோ அதற்குக் கூரை போட்டு வேலி கட்டுவார்கள். எது என்று சொல்வது என் வேலை. உலகத்தில் எத்தனையோ பேரிடம் விலை கேட்டிருக்கிறார்கள். அடையாறுதான் மலிவு.

அழைத்துப்போக வந்தவர் ஜோசப். தீவு அரசாங்கத்தின் பழம்பொருள் அலுவலகத்தில் மொத்தம் இரண்டு பேர். ஒருவர் தலைவர், இன்னொருவர் இவர். ஐம்பது வயது இருக்கும். அவருடைய டிரக்கின் ஸ்டார்ட்டர் செத்து இரண்டு வருடமாயிற்றாம். அதனால் எங்கே போனாலும் சரிவில்தான் நிறுத்துவார். தட்டையான இடத்தில் இருக்கும் கடைகளுக்கு அவர் போவதே இல்லை. "நல்லதுதான், செலவு மிச்சம்" என்றார்.

அன்று மதியம் ஈரப்பலாக்காய் வறுவல், சோறு, டின்னில் அடைத்த இறைச்சி. சோற்றின் மேல் சோயா சாஸ் ஊற்றிக்கொள்கிறார்கள். சுற்றிலும் கடல் இருக்க, மீனும் டின்னில்தான் வருகிறது. ஊறுகாயை எடுத்து வைத்தேன். ஜோசப் ஒரு விரல் நக்கிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

அங்கே சாயங்காலம் ஆகும்போது சென்னையில் மதியம். அம்மா தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்ட புடவைகளை மடிக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் கடைப் பின்படியில் உட்கார்ந்துதான் என்னோடு பேசுவாள்.

"இன்னாடீ துன்ன?"

"பலாக்காய வறுத்துக் குடுத்தாங்கம்மா."

"சோறு கீதா இல்லியா அந்த ஊர்ல?"

"கீது. கொயம்புதான் இல்ல."

"கொயம்பு இல்லாத ஊருக்கு இன்னா மயிருக்குடீ போன?"

படியில் பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தது கேட்டது.

இரண்டாம் நாள் முதல் டாங்கி. அது சதுப்புக் காட்டுக்குள் இருக்கிறது, படகில்தான் போக வேண்டும். பாதி வழியில் என்ஜின் நின்றுவிட்டது. ஜோசப் பிளக்கைக் கழற்றிச் சட்டையில் துடைத்து, ஊதி, திரும்ப மாட்டினார். நான்கு முறை இப்படி. "ஜப்பான்காரங்களுக்கும் இதே கதிதான். டாங்கி வந்துடுச்சு, எண்ணெய் வரவே இல்லை." ஐந்தாவது முறை கிளம்பியது.

மூன்று பேர் உட்காரும் சின்ன டாங்கி. நம் ஊர்க் குட்டியானை வண்டியை விடக் கொஞ்சம்தான் பெரிது. சங்கிலிப்பட்டை சேற்றில் புதைந்துவிட்டது, மேல்மூடி இருந்த இடத்தில் ஒரு மரம் முளைத்து வெளியே வந்திருக்கிறது. சுரண்டும் தகடை வைத்ததுமே இரும்பு அப்பளம் அப்பளமாக உதிர்ந்தது. கருவி எந்த எண்ணையும் காட்டவில்லை. 'அளவெடுக்க இயலவில்லை' என்று எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மலைமேல் இருப்பது. பழைய விமானத்தளத்தின் ஓரம், ஆளுயரப் புல். இங்கே கவசத்தின் மேல் பெயர்களைக் கீறிவைத்திருக்கிறார்கள்: மாலுமிகள், சுற்றுலாக்காரர்கள், ஒரு காதல் ஜோடி, தேதியோடு. செய்தபோது பன்னிரண்டு மில்லிமீட்டர் இருந்த தகடு இப்போது மூன்று, நான்கு. சில இடங்களில் இரண்டு. கீறிய பெயர்களின் வழியாகத்தான் மழை உள்ளே போயிருக்கிறது. துப்பாக்கிக் குழாய்க்குள் குளவிக்கூடு. ஜோசப் நிழலில் படுத்துக்கொண்டு கேட்டார், "இவ்வளவு தூரம் வந்து பாட்டரியைத் தண்ணி மாதிரி செலவழிக்கிறியே, இதையெல்லாம் யாரு பாக்கப் போறாங்க?"

"காப்பாத்தணும்னு சொல்றாங்க."

"எங்க ஆஸ்பத்திரிக் கூரை மூணு வருஷமா ஒழுகுது. அதையும் அளந்துட்டுப் போ."

நான்காம் நாள் சனிக்கிழமை. மூன்றாவது டாங்கி கடலை ஒட்டி, லூசியா என்பவரின் வீட்டு முற்றத்தில் நிற்கிறது. நாங்கள் போனபோது அது கண்ணுக்குத் தெரியவே இல்லை. வெள்ளைத் துணிகள் மூடியிருந்தன. ஞாயிற்றுக்கிழமைக் கோவிலுக்குப் போடும் கவுன்கள், பாவாடைகள், மூன்று படுக்கை விரிப்பு. துப்பாக்கிக் குழாயில் சட்டைகள் தொங்கின.

நாற்பத்தைந்து வயது இருக்கும் லூசியாவுக்கு. கணவர் கப்பலில் வேலை, வருடத்துக்கு ஒரு மாதம்தான் வருகிறார். வீட்டில் இவரும் இரண்டு பெண்களும். தகரக் கூரை, பலகைச் சுவர், தனியாக ஒரு அடுப்படி.

"நேத்தே அலுவலகத்துலேர்ந்து சொன்னாங்க, ஆள் வருதுன்னு. தேய்ச்சுக் கழுவி வெச்சிருக்கேன், பாரு" என்றார்.

உண்மையில் கழுவியிருந்தார். துணியை விலக்கியதும் நீலமும் வெள்ளையுமாக ஒரு டாங்கி. படகுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை எல்லாம் இதற்கு அடித்திருக்கிறார்கள். காசு அளவுக்குப் பெயிண்டைச் சுரண்டிவிட்டுக் கருவியை வைத்தேன். ஒன்பதரை. அடுத்த புள்ளி பத்து. அடுத்தது பத்தேகால். கருவி கெட்டுவிட்டதோ என்று, தடிமன் தெரிந்த அளவுக்கட்டையில் வைத்துச் சரிபார்த்தேன். கெடவில்லை.

காரணம் புரிய ஒரு மணி நேரமாயிற்று. மழை ஓயாத ஊர். கொடியில் போட்டால் துணி காய்வதில்லை. வெயில் எட்டிப்பார்த்தால் அரைமணியில் சூடேறுவது அந்த வீட்டில் இரும்பு ஒன்றுதான். ஆனால் துரு பட்டால் வெள்ளைத் துணி வீணாகும். அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும், அலசிய நல்ல தண்ணீரைக் கொட்டி டாங்கியைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் துணி போடுகிறார்கள். பெயிண்ட் உரிந்த இடத்தில் உடனே பூசிவிடுகிறார்கள். லூசியாவின் மாமியார் செய்தார், அவருடைய மாமியார் செய்தார். எண்பது ஆண்டுச் சனிக்கிழமைகள்.

நான் இதை அவரிடம் விளக்கினேன். எனக்குப் பிடித்த பாடம், உற்சாகமாகவே விளக்கினேன். கடல்காற்றில் வரும் உப்புதான் இரும்பைத் தின்கிறது. நல்ல தண்ணீர் உப்பைக் கழுவிவிடுகிறது. மற்ற இரண்டு டாங்கிகளும் செத்துவிட்டன, இது உங்கள் துவையலால் நிற்கிறது. லூசியா இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். பெண்களைக் கூப்பிட்டு அவர்கள் மொழியில் திருப்பிச் சொன்னார். ஜோசப் மொழிபெயர்த்தார்: "உங்க அப்பன் போருக்குப் போகல, நான்தான் துணி துவைச்சே கடலை ஜெயிச்சிருக்கேன்னு சொல்றா."

லூசியா இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்தேன்.

அடுத்து டேப். தேர்வாகும் டாங்கியைச் சுற்றிப் பதினைந்து மீட்டருக்கு எதுவும் இருக்கக்கூடாது என்பது அறக்கட்டளையின் விதி. எந்தெந்தப் பொருள் உள்ளே வருகிறது என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும். அந்தக் காகிதத்தைச் சென்னையிலேயே படித்திருந்தேன். அதில் 'பொருள்' என்றுதான் இருந்தது. மரம், பாறை, குப்பை என்று நினைத்துக்கொண்டேன்.

ஜோசப் சரிவில் நிறுத்திய டிரக்குக்குக் கல் வைக்கப் போயிருந்ததால் டேப்பின் மறுமுனையை லூசியா பிடித்துக்கொண்டார். "இன்னும் போ, இன்னும் போ" என்று நான் சொல்லச் சொல்லப் பின்னாலேயே நடந்தார். துவைக்கல்லைத் தாண்டினார். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினார். வாசல்படி ஏறினார், உள்ளே போனார். பதினைந்து மீட்டர் முடிந்தபோது அவருடைய குரல் அடுப்படியிலிருந்து வந்தது.

"இங்கேயா குறிக்கணும்?"

குறிக்க வேண்டாம் என்றேன். வெளியே வந்தார். டேப்பைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்த டாங்கி தேர்வானால் வீடு இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஜோசப் வந்து பாதியில் நின்றுகொண்டார்.

லூசியா கத்தவில்லை. "முதல்ல எது வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?" என்றார். "வீடு. என் வீட்டுக்காரரோட தாத்தா கட்டினது. சிப்பாய்ங்க வந்து பிரிச்சுப் போட்டு, அவரையே குழி வெட்டச் சொல்லி இதைக் கொண்டாந்து இறக்கினாங்க. போர் முடிஞ்சு எங்க வீட்டாளுங்க திரும்பி வந்தாங்க. இதை நகர்த்த முடியல. அதனால பக்கத்துல கட்டிக்கிட்டாங்க."

ஜோசப் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், ஜப்பான் காலத்துப் பதிவில் அந்தத் துண்டு அரசாங்க நிலம். மாற்றவே இல்லை. மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் ஊரில் அதற்குப் புறம்போக்கு என்று பெயர். அடையாற்றின் கரையில், சைதாப்பேட்டைப் பாலத்தைத் தாண்டி, எங்கள் வீடு இருந்த இடமும் அதுதான். கணக்கெடுக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் அம்மா கைமாற்று வாங்கிச் சுவருக்கு வெள்ளையடித்தாள். ஒழுங்காக இருக்கிற வீட்டை விட்டுவிடுவார்கள் என்பது அவள் நினைப்பு. டேப் பிடித்து வந்த பெண் எங்கள் வெள்ளைச் சுவரில் சிவப்பு எண் எழுதினாள். தெருவிலேயே பளிச்சென்று தெரிந்தது எங்களுடையதுதான். எனக்குப் பதின்மூன்று வயது. மூன்றாவது மாதம் லாரி வந்தது. நகரத்துக்கு வெளியே ஏழாவது மாடியில் ஒரு அறை கொடுத்தார்கள். அங்கிருந்து தி.நகருக்கு இரண்டு பஸ்.

"எவ்வளவு வந்துச்சு?" என்று லூசியா கேட்டார்.

"பத்து."

"மலைமேல?"

"மூணு."

"அப்போ எனக்கும் மூணுன்னு எழுது."

நான் டேப்பைச் சுருட்டினேன். லூசியா துணிகளை எடுத்து மடித்தார். நான் சுரண்டிய முப்பத்தாறு இடங்களில் காசு அளவுக்கு இரும்பு தெரிந்தது. சாயங்காலம் பனியில் சிவந்துவிடும் என்று எனக்குத் தெரியும். புதுப் பெயிண்ட் பூசக்கூடாது என்பதும் அறக்கட்டளையின் விதி.

ஞாயிற்றுக்கிழமை தீவில் எதுவும் ஓடாது. படகு கிடையாது, கடை கிடையாது, ஜோசப் கிடையாது. விடுதிச் சன்னல் வழியாக வெள்ளைக் கவுன்கள் கோவிலுக்குப் போவதைப் பார்த்தேன். லூசியாவும் பெண்களும் போனார்கள். சாந்தோமில் ஞாயிறு பூசை முடிந்து வருகிறவர்களின் புடவைச் சத்தம் கேட்கும். இங்கே செருப்புச் சத்தம்தான். நாள் முழுக்கக் கருவியில் பதிவான எண்களைக் காகிதத்தில் எடுத்து எழுதினேன். முப்பத்தாறு வரிசை. பக்கத்தில் இன்னொரு காகிதத்தில் அதே முப்பத்தாறு வரிசையை மூன்றும் நாலுமாக எழுதிப் பார்த்தேன். நம்பும்படியாகவே இருந்தது. அந்த அளவுக்கு எனக்குத் தொழில் தெரியும்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன்.

"அந்த அம்மா கொரைச்சு எய்தச் சொல்லுதும்மா."

"எய்தேன். உன் கையா நோவுது?"

"மெஷின்ல ஏறிடுச்சு. வெளிய தெரிஞ்சா என் வேல பூடும்."

பின்னால் யாரோ, "அக்கா, மேனேஜர் கூப்புட்றாரு" என்றார்கள்.

"நம்ம ஊட்டுக்கு நம்பர் போட வந்துச்சே ஒரு பொண்ணு," என்றாள் அம்மா, "வெயில்ல வந்துகினு கீதேன்னு நான் அதுக்குத் தண்ணி மோந்து குடுத்தேன். குடிச்சிட்டு தேங்ஸ்மான்னுச்சு. நீ இன்னா குடிச்ச?"

"எளநி."

"நல்லா குடிச்ச போ" என்று வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை அலுவலகம். தலைவர் மரியாதையான மனிதர், மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் முதல் காகிதத்தைத்தான் கொடுத்தேன். நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. பயம்தான். அம்மாவை அந்த ஏழாவது மாடியிலிருந்து நகரத்துக்குள் கொண்டுவர வேண்டும், அதற்கு இந்த வேலை வேண்டும். இதை லூசியாவின் வீட்டுக்கு எதிராக வைத்துப் பார்த்தேன். எது கனம் என்று எனக்குத் தெரிந்தது.

ஆனால் கூடவே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். இந்த டாங்கி நிற்பதற்குக் காரணம் அந்தக் குடும்பம் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுவது. குடும்பத்தை அகற்றினால் காலப்போக்கில் மற்ற இரண்டைப் போல ஆகும். ஆகவே வீடு அங்கேயே இருப்பதுதான் டாங்கிக்குப் பாதுகாப்பு. என் புத்திசாலித்தனத்தில் எனக்கே திருப்தி.

தலைவர் நிதானமாகப் படித்தார். இரண்டு முறை தலையாட்டினார்.

"ரொம்ப உபயோகமான குறிப்பு. இது எங்களுக்குத் தெரியாம போச்சே. வேலி கட்டினதும் வாரம் ஒருமுறை கழுவ ஒரு ஆளை நியமிச்சிடலாம். அறக்கட்டளைக்காரங்க அதுக்குச் சம்பளம் தருவாங்க."

"அந்த வீடு?"

"மலைக்குப் பின்னால இடம் தர்றோம். புதுக் கூரை, நல்ல ரோடு."

"கடல் அங்கேர்ந்து எவ்வளவு தூரம்?"

"ரோடு நல்லாயிருக்கும்" என்றார் மறுபடியும். பிறகு யோசித்து, "விருப்பமிருந்தா லூசியாவே அந்தக் கழுவுற வேலைக்கு விண்ணப்பம் போடட்டுமே" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. உதவுவதாகவே நினைத்தார்.

வெளியே வந்ததும் ஜோசப், "கம்பி, சிமெண்டு எல்லாம் அடுத்த மாசக் கப்பல்ல வருது" என்றார். "போன வருஷமே சொல்லிவெச்சது." அப்படியானால் நான் எதை அளந்தேன் என்று கேட்டேன். "எந்த முற்றத்துல இறக்கணும்னு தெரிய வேணாமா?" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை விமானம். தராசு, எடை, கூவல் எல்லாம் மறுபடி இருப்பதால் சீக்கிரமே கிளம்பினோம். விமான நிலையத்துக்குப் போகும் பாதை லூசியா வீட்டைத் தாண்டித்தான் போகிறது. ஜோசப் சரிவில் வேகத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை.

டாங்கியின் மேல் துணி இல்லை. நீலமும் வெள்ளையுமான பெயிண்டைப் பாதிக்கு மேல் சுரண்டி எடுத்திருந்தார்கள். என்னுடைய காசு அளவுப் புள்ளிகளைச் சுற்றி ஆரம்பித்துக் கைக்கு எட்டிய வரையில். கடலிலிருந்து முற்றம் வரை ஈரத்தடம். பெரிய பெண் அலையில் வாளியை முக்கித் தூக்கிக் கொடுத்தாள், சின்னவள் நடுவில் வாங்கினாள், லூசியா மேலே ஏறி நின்று ஊற்றினார். மூடி திறந்திருந்தது, உள்ளேயும் ஊற்றினார். அவசரமில்லாமல், துவைக்கிற கையின் அதே நிதானத்தோடு. எங்களைப் பார்த்தார். வாளியைக் காலிசெய்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினார்.

"நேத்து மத்தியானம் ஆரம்பிச்சா" என்றார் ஜோசப். "உப்புதான் தின்னுதுன்னு நீதானே சொன்னே?"

"ஆமா."

"கப்பல் வர்றதுக்குள்ள ஆகுமா?"

மனதுக்குள் கணக்குப் போட்டேன். அது தானாக ஓடும், நிறுத்த முடியாது. பத்து மில்லிமீட்டர். கடல்நீரைத் தினமும் ஊற்றினாலும் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் இரண்டு. ஐம்பது வருடம். இரண்டு பக்கமும் தின்றால் இருபத்தைந்து. கப்பலுக்கு நான்கு வாரம். ஜோசப் சாலையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் திரும்பிப் போகும்போது அவர் இதே வழியில்தான் போக வேண்டும். லூசியா நிச்சயமாகக் கேட்பார்.

"ஆகும்," என்றேன். "விடாம ஊத்தச் சொல்லுங்க."

அந்த ஒரு வாரத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.